ஓடும் காரும் ஓசையின் ஊற்றும்

நோயாளி ஒருவர் மருத்துவரிடம் சென்று, "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் மருத்துவர் என்ன செய்வார்? எப்பொழுது வலிக்கிறது, உண்பதற்கு முன்னா பின்னா, நடந்தாலா படுத்தாலா என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்பார். விடைகள் வர வர, நோய் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். ஓடும் காரில் கேட்கும் இரைச்சலும் அத்தகையதே. "வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லிக் காரைப் பட்டறையில் விட்டால், அங்கே தமக்குப் பழக்கமான பாகத்தைத்தான் முதலில் கழற்றுவார்கள். எப்பொழுது வருகிறது, எதனோடு சேர்ந்து ஏறுகிறது, எதனோடு சேர்ந்து இறங்குகிறது என்று நமக்குச் சொல்லத் தெரிந்தால், பெரும்பாலும் கழற்ற வேண்டிய பாகம் ஒன்றாகவே இருக்கும்.

நான் எந்திரப் பொறியியல் பயில்பவன். இலக்கியமும் வரலாறும் பொருளியலும் பயிலும் நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், கணக்கைப் பெருக்கல் வகுத்தல் அளவிலேயே நிறுத்திக் கொள்கிறேன். தலைநகரில் பயிலும் நம்மவர் சிலர் கூட்டாகப் பழைய கார் வாங்கி, விடுமுறை நாட்களில் ஆக்ராவுக்கும் ஜெய்ப்பூருக்கும் போய்வருவதை நாம் அறிவோம். அத்தகைய கார்களில் எழும் ஓசைகளுள் சில வெறும் தொல்லை. சில உயிருக்கு வந்த எச்சரிக்கை. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருப்பது நல்லதன்றோ?

1. செவி ஏன் ஏமாறுகிறது?

"சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காதால் கேட்டாலே தெரியாதா?" என்று நண்பர்கள் வினவலாம். திறந்த வெளியில் தெரியும், காருக்குள் தெரியாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஒலியின் அலைநீளம். நம் இரு செவிகளுக்கும் இடையே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தொலைவு இருக்கிறது. இடப்புறமிருந்து வரும் ஒலி இடச்செவிக்குச் சற்று முன்னதாகவும் சற்று உரக்கவும் எட்டுகிறது; அந்த வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆகவே நொடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். இது காரின் உட்கூட்டைவிட நீளமானது. அவ்வளவு நீண்ட அலை தலையைச் சுற்றி வளைந்து இரு செவிகளிலும் ஒரே அளவாக ஒலிக்கும். போதாக்குறைக்குக் கண்ணாடிகளிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி எல்லாப் புறமிருந்தும் வரும். காரில் நம்மைத் தொல்லைப்படுத்தும் முனகல்களும் உறுமல்களும் பெரும்பாலும் இத்தகைய தாழ்ந்த ஒலிகளே.

இரண்டாவது, ஒலி வரும் வழி. வீணையில் தந்தியை மீட்டுகிறோம். ஆனால் நாம் கேட்பது தந்தியின் ஒலியா? மெல்லிய தந்தி காற்றை அதிகம் அசைப்பதில்லை. அதன் அதிர்வு குதிரை வழியாகக் குடத்திற்குச் சென்று, அகன்ற பலகையை அசைத்து, அப்பலகைதான் நம் செவிக்குப் பாடுகிறது. காரிலும் அப்படியே. சக்கரத்தின் பேரிங்கில் எழும் அதிர்வு அச்சு, சுருள்வில், உடற்கூடு என்று எஃகின் வழியே ஓடித் தரைத் தகட்டையோ கூரைத் தகட்டையோ குலுக்குகிறது. எஃகில் ஒலி காற்றிலுள்ளதைப்போல் பதினான்கு மடங்கு விரைவாகச் செல்லும். குற்றம் முன் சக்கரத்தில் இருக்க, கூச்சல் பின் இருக்கையின் கீழ் எழுவதற்கு இதுவே காரணம். காற்று வழியே வரும் ஒலி, உடற்கூட்டின் வழியே வரும் ஒலி என்று பொறியியலார் இவற்றை இரண்டாகப் பிரிப்பர்.

மூன்றாவது, ஒலிகளைக் கூட்டும் கணக்கு. டெசிபல் என்னும் அளவை நாம் சாதாரண எண்களைப்போல் கூட்ட முடியாது. ஒரே வலிமையுள்ள இரண்டு இரைச்சல்கள் சேர்ந்தால் மொத்தம் 3 டெசிபல்தான் ஏறும். 70 டெசிபல் இரைச்சலோடு 60 டெசிபல் இரைச்சல் ஒன்று சேர்ந்தால் 70.4 டெசிபல் ஆகும், அவ்வளவே. இதிலிருந்து விளையும் பாடம் முக்கியமானது. பல ஊற்றுகள் ஒருங்கே ஒலிக்கும்போது சிறியதொன்றை முற்றும் அடைத்துவிட்டாலும் செவிக்கு வேறுபாடு தெரியாது. "பாகத்தை மாற்றினேன், சத்தம் குறையவில்லை, ஆகவே அது காரணமன்று" என்று முடிவு கட்டுவது தவறாக முடியலாம். பெரிய ஊற்றை முதலில் காண வேண்டும். அதை அடக்கிய பின்னரே அடுத்தது தெரியவரும்.

ஆகவே, "எங்கே கேட்கிறது?" என்னும் கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். "எதைச் சார்ந்து மாறுகிறது?" என்று கேட்போம். இடத்தைப் பற்றிச் செவி பொய் சொல்லலாம். சார்பைப் பற்றிச் சொல்வது அரிது.

2. நான்கு குடும்பங்கள்

ஓடும் காரின் ஓசைகளை அவை சார்ந்து நிற்கும் பொருளைக் கொண்டு நான்கு குடும்பங்களாக வகுக்கலாம்.

முதற் குடும்பம், எஞ்சினைச் சார்ந்தது. எஞ்சின், அதைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள், பெல்ட்டுகள், புகைக்குழாய், சைலன்சர், அதன்மேல் உள்ள வெப்பத் தடுப்புத் தகடு ஆகியவை இதில் அடங்கும். இவை வண்டியின் வேகத்தைப் பொருட்படுத்துவதில்லை. எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதையே பின்பற்றும்.

இரண்டாம் குடும்பம், சக்கரத்தையும் சாலையையும் சார்ந்தது. டயர், சக்கர பேரிங், அச்சு இணைப்பு, பிரேக் ஆகியன இதைச் சேர்ந்தவை. இவை வண்டியின் வேகத்தைப் பின்பற்றும். டயரின் ஓசை சாலையின் மேற்பரப்பையும் பின்பற்றும்.

மூன்றாம் குடும்பம், காற்று. கதவின் ரப்பர், பக்கக் கண்ணாடி, கூரைமேல் உள்ள சுமைச் சட்டம், வானொலிக் கம்பி ஆகியவற்றில் காற்று மோதிச் சுழிப்பதால் எழுவது. இது வேகத்தோடு மிகக் கடுமையாக ஏறும். திடப்பொருளில் காற்று மோதி எழும் ஒலியின் திறன் வேகத்தின் ஆறாம் அடுக்கில் வளரும் என்று கர்ல் என்னும் அறிஞர் 1955-இல் நிறுவினார். அதாவது வேகம் இரட்டித்தால் ஒலியின் திறன் 64 மடங்காகும். டெசிபல் கணக்கில் 18. ஊருக்குள் 40 கிலோமீட்டரில் செல்லும்போது இல்லாத ஒன்று நெடுஞ்சாலையில் 100-ஐத் தொட்டதும் பேச்சையே மூழ்கடிப்பது இதனால்தான்.

நான்காம் குடும்பம், தளர்ந்த பொருள்கள். முகப்புப் பெட்டியில் கிடக்கும் சாவி, இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர்ப் புட்டி, இறுக்கம் குறைந்த ஜாக்கி, தலைநகரத்துக் கார்களில் பின்புறம் பொருத்தும் சி.என்.ஜி. உருளையின் பட்டை போன்றவை. இவை வேகத்தையோ எஞ்சினையோ ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை, குலுக்கலைப் பின்பற்றும். ஆகவே மேடு பள்ளங்களில் கடகடக்கும். வழவழப்பான சாலையில் வாய் மூடும்.

3. கட்டுகளை அவிழ்த்தல்

குடும்பங்கள் தெரிந்துவிட்டன. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே கியரில் வண்டி ஓடும்போது வேகம் ஏறினால் எஞ்சினின் சுற்றும் ஏறுகிறது, சக்கரத்தின் சுற்றும் ஏறுகிறது, எதிர்க்காற்றும் ஏறுகிறது. மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்ட மாடுகளைப்போல ஒன்றாக நடக்கின்றன. "வேகம் கூடினால் சத்தம் கூடுகிறது" என்று சொன்னால் நாம் எதையும் சொல்லவில்லை என்றே பொருள். ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும். சோதனையின் உயிரே இதுதான்.

சோதனைக்கு முன் சில எச்சரிக்கைகள். ஓட்டுபவர் ஓட்டுவதை மட்டுமே செய்யட்டும். கேட்பதும் குறிப்பதும் உடன் இருப்பவர் வேலை. நேரான, நெரிசலற்ற சாலையைப் பகல் வேளையில் தேர்ந்துகொள்ளுங்கள். ஓடும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் உள்ள துணைவிசை போய்விடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். பிரேக் பிடிக்காத வண்டியை, சக்கரம் ஆடும் வண்டியைச் சோதனைக்கே எடுக்காதீர்கள்.

(அ) நின்றபடி: திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, சத்தம் கேட்ட அதே சுற்றுக்கு உயர்த்துங்கள். சக்கரமும் காற்றும் இப்போது ஓய்ந்துள்ளன. சத்தம் கேட்டால் முதற் குடும்பமே காரணம். கேட்காவிட்டால் எஞ்சின் குற்றமற்றது என்று விடுதலை செய்துவிடாதீர்கள். சுமை இழுக்கும்போது மட்டும் முனகும் பாகங்களும் உண்டு. மூடிய கொட்டகையில் இதைச் செய்யலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

(ஆ) கியரை மாற்றி: மணிக்கு 50 கிலோமீட்டர் என்று ஒரு வேகத்தைப் பிடித்து, மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் அதே வேகத்தில் செல்லுங்கள். சக்கரத்தின் சுற்றும் காற்றும் மாறவில்லை. எஞ்சினின் சுற்று மட்டும் மாறிவிட்டது. சத்தத்தின் சுருதி மாறினால் எஞ்சின். மாறாவிட்டால் சக்கரமோ காற்றோ.

(இ) நியூட்ரலில்: கைக்கியர் வண்டியாயின், ஓடும் வேகத்திலேயே கிளச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சில நொடிகள் உருளவிடுங்கள். எஞ்சின் தணிந்துவிடும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் தொடர்ந்தால் எஞ்சின் வழக்கிலிருந்து நீங்கியது.

(ஈ) சாலையை மாற்றி: ஒரே வேகத்தில் தார்ச்சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்குச் செல்லுங்கள். 2012-இல் திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலை, கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் சிமெண்டால் ஆனது; ஏறும் இடத்திலேயே வேறுபாடு செவியில் அறையும். சாலை மாறியதும் சத்தத்தின் தன்மை மாறினால் டயர். மாறாவிட்டால் பேரிங்கோ காற்றோ.

(உ) வளைவில்: வண்டி வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. அப்போது முனகல் ஏறி, இடப்பக்கம் திரும்பும்போது தணிந்தால், இடப்பக்கத்துப் பேரிங்கின்மேல் ஐயம் கொள்ளலாம். மெதுவாக ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திரும்பும்போது டக், டக் என்று ஒலித்தால் முன் அச்சின் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

(ஊ) பிரேக்கைத் தொட்டு: இலேசாக மிதித்தவுடன் சத்தம் பிறந்தாலும் மறைந்தாலும் அது பிரேக்கைச் சார்ந்தது. பிரேக் கட்டைகள் பலவற்றில், தேய்ந்தவுடன் உரசிக் கீச்சிடுமாறு ஒரு சிறு தகட்டை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அந்தக் கீச்சொலியைத் தொல்லை என்று எண்ணாமல் ஓலை என்று எண்ணுங்கள்.

(எ) ஒட்டுத்தாள் கொண்டு: கதவிடுக்கு, பக்கக் கண்ணாடியின் அடி, சுமைச் சட்டம் ஆகியவற்றின்மேல் வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் காகித ஒட்டுத்தாளை ஒட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். எந்தத் தாளைப் பிரித்ததும் சீழ்க்கை திரும்புகிறதோ அங்கேயே காற்று நுழைகிறது. ஓட்டாமலும் ஒரு சோதனை உண்டு. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தால், தடையின்றி வரும் இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை என்று அறியலாம்.

(ஏ) காலி செய்து: வண்டியிலுள்ள எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டுக் கரடுமுரடான சாலையில் ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மிஞ்சும் கடகடப்பை, உடன் இருப்பவர் கையால் அங்கங்கே அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அழுத்தியதும் அடங்கும் இடமே ஊற்று.

4. எண்ணிப் பார்த்தல்

இசை அறிந்த நண்பர்களுக்கு இப்பகுதி எளிதாக இருக்கும். ஒவ்வொரு சுழலும் உறுப்புக்கும் ஒரு சுரம் உண்டு. அதைக் கணக்கிட்டு விடலாம்.

நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சினில், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. ஆகவே நொடிக்கு 100 வெடிப்பு. மூன்று சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. அதே 3000 சுற்றில் நொடிக்கு 75. 1983-இல் வந்த மாருதி 800 தொடங்கி நம் நாட்டுச் சிறு கார்கள் பல மூன்று சிலிண்டர் கொண்டவை என்பதை நினைவில் வையுங்கள்.

சக்கரத்தின் கணக்கோ இன்னும் எளிது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று கொண்டால், சக்கரம் நொடிக்குப் பத்தரை முறை சுற்றும். சக்கரம் சமன் குலைந்திருந்தால் நொடிக்குப் பத்தரை முறை உதறல் ஏற்படும். இதைச் செவியைவிட ஸ்டியரிங் பிடித்த கையே முதலில் உணரும். டயரைச் சுற்றி 64 கட்டிகள் இருந்தால், அவை நொடிக்கு 672 முறை சாலையைத் தட்டும்; அது தெளிவாகக் கேட்கக்கூடிய சுரம். சிமெண்ட் சாலையில் 4.5 மீட்டருக்கு ஓர் இணைப்பு என்றால், 20 மீட்டர் வேகத்தில் நொடிக்கு நான்கைந்து தட்டுகள் கேட்கும்.

காற்றுக்கும் கணக்கு உண்டு. கம்பியின்மேல் காற்று வீசினால் சுழிகள் மாறி மாறி உதிர்ந்து சீழ்க்கை எழும். அதன் அதிர்வெண்ணைக் காற்றின் வேகத்தையும் கம்பியின் தடிப்பையும் கொண்டு கணக்கிடும் வழியை 1878-இல் ஸ்ட்ரௌஹால் கண்டார். காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிப்பால் வகுத்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் 6 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 830 ஹெர்ட்ஸில் பாடும். சில கார்களின் வானொலிக் கம்பியின்மேல் புரிபோல ஓர் இழை சுற்றியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது அழகுக்கன்று, சுழிகள் ஒருசேர உதிராமல் குலைத்துக் கம்பியின் பாட்டை அடக்குவதற்கு.

இதில் நுட்பமான ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். வேகத்தோடு சேர்ந்து சுருதி ஏறினால் அது சுழலும் உறுப்பின் குரலாகவோ காற்றின் சீழ்க்கையாகவோ இருக்கும். வேகம் மாறினும் சுருதி மாறாமல், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஓங்கி ஒலித்து மறைந்தால் அது ஒத்ததிர்வு. காரின் உட்கூடு 2.5 மீட்டர் நீளம் என்று கொண்டால், அதற்குள் அடைபட்ட காற்று நொடிக்கு ஏறத்தாழ 69 முறை இயல்பாக அதிரும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 2060 சுற்றைத் தொடும்போது அதன் வெடிப்பும் அதே எண்ணிக்கையை அடைகிறது. அப்போது காதை அடைப்பது போன்ற ஓர் உறுமல் எழுந்து, வேகம் மாறியதும் கலையும். பின்பக்கக் கண்ணாடி ஒன்றை மட்டும் திறந்து விரைவாகச் சென்றால் 'துப், துப்' என்று செவிப்பறையை அமுக்கும் துடிப்பும் இதே இனம். புட்டியின் வாயில் ஊதினால் எழும் ஒலிக்கு அண்ணன். இன்னொரு கண்ணாடியைச் சற்றுத் திறந்தால் அடங்கிவிடும்.

இவற்றை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் செயலிகள் நம் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. மிகத் தாழ்ந்த ஒலிகளைக் கைப்பேசியின் ஒலிவாங்கி சரியாகப் பிடிக்காது என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

5. எங்கள் வண்டியின் வழக்கு

முறை எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் சங்கத்து நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாங்கிய சிறு கார் ஒன்றில் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒரு முனகல் எழுந்தது. முன்னால் அமர்ந்தவர்கள் அது கியர்த் தண்டின் அடியிலிருந்து வருகிறது என்றனர். பின்னால் அமர்ந்தவர்கள் தங்கள் இருக்கையின் கீழ் என்றனர். ஒரு பட்டறையில் காட்டியபோது, கியர்ப்பெட்டியை இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை நால்வரின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல். ஒரு ஞாயிறு காலைவரை தவணை கேட்டுக்கொண்டு திரும்பினோம்.

ஞாயிறன்று நான் தாளும் பேனாவுமாக அருகில் அமர, ஒரு நண்பர் ஓட்டினார். நின்றபடி எஞ்சினை உயர்த்தினோம், முனகல் இல்லை. 60-இல் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓடினோம், சுருதி மாறவில்லை. நியூட்ரலில் உருளவிட்டோம், முனகல் அப்படியே தொடர்ந்தது. இத்துடன் எஞ்சின் நீங்கியது. கியர்ப்பெட்டிக்குள் சக்கரத்தோடு சுற்றும் பகுதியும் உண்டாதலால் அதன்மேல் ஐயம் முற்றும் போகவில்லை. தார்ச்சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்குச் சென்றோம். டயரின் இரைச்சல் மாறியது. அதற்கு அடியில் முனகல் மட்டும் மாறாமல் நின்றது. பிறகு ஓர் அகன்ற வளைவில் திரும்பினோம். வலப்பக்கம் ஒடித்தால் முனகல் ஓங்கியது; இடப்பக்கம் ஒடித்தால் ஏறத்தாழ மறைந்தது.

இரண்டு சக்கரங்கள் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் எஞ்சின. சமதளத்தில் வண்டியை ஜாக்கியால் தூக்கி, தாங்கி வைத்து, எஞ்சினை நிறுத்திய நிலையில் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றினோம்; மற்றொரு கை சுருள்வில்லின்மேல் இருந்தது. பின் சக்கரம் பட்டுப்போல் சுழன்றது. முன் இடச்சக்கரத்தைச் சுழற்றியபோது வில்லில் மணலை அரைப்பது போன்ற கரகரப்பு விரலில் தட்டியது. மறுநாள் வேறொரு மெக்கானிக்கிடம் அந்த ஒரு பேரிங்கை மட்டும் மாற்றச் சொன்னோம். கழற்றிக் காட்டினார். மழைநீர் புகுந்து கிரீஸ் கெட்டு, குண்டுகள் ஓடும் பாதை அம்மை வடுப்போல் குழிந்திருந்தது. செலவு, முதலில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பணம் மிஞ்சியது நல்லதுதான். அதைவிடப் பெரிது ஒன்றுண்டு. கியர்ப்பெட்டியைப் பிரித்துப் பூட்டியிருந்தால், வேலை முடிந்துவிட்டது என்னும் நம்பிக்கையோடு அந்தப் பேரிங்கின்மேல் ஐந்து பேரை ஏற்றி நெடுஞ்சாலையில் சென்றிருப்போம். முற்றிலும் சிதைந்த பேரிங் சக்கரத்தை இறுக்கவும் கூடும், பிடிப்பற்று ஆடவிடவும் கூடும். தவறான விடை வெறுமனே வீண்செலவு அன்று. சரியான கேள்வியை நிறுத்திவிடும் போலி நிம்மதி அது.

6. ஆய்வுக்கூடத்தில்

பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதே தத்துவமே ஆட்சி செய்கிறது; கருவிகள்தாம் வேறு. 1966-இல் தொடங்கிய புனே நகரத்து இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிறுவனங்களில் வாகன இரைச்சலையும் அதிர்வையும் ஆராய்வதற்கென்றே தனிப் பிரிவுகள் உள்ளன. எதிரொலி எழாதபடி சுவரெல்லாம் கூம்பு வடிவப் பஞ்சு பதித்த அறையில் காரை நிறுத்தி, சக்கரங்களை உருளைகளின்மேல் ஓடவிடுவார்கள். அங்கே சாலை உண்டு, எதிர்க்காற்று இல்லை. காற்றுச் சுரங்கத்தில் அதையே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காற்றை மட்டும் வீசுவார்கள். அங்கே காற்று உண்டு, உருளும் சக்கரம் இல்லை. நாம் ஒட்டுத்தாளாலும் நியூட்ரலாலும் அவிழ்த்த அதே கட்டுகளைத்தான் அவர்கள் கோடிக்கணக்கில் செலவிட்டு அவிழ்க்கிறார்கள்.

பல ஒலிவாங்கிகளை ஒரு சட்டத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒலி வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கணித்து, ஒலி பிறக்கும் இடத்தைப் படத்தின்மேல் வண்ணமாகக் காட்டும் கருவியும் உண்டு. இரண்டே செவிகளால் இயலாததைப் பல செவிகளால் சாதிக்கிறார்கள். தாழ்ந்த ஒலிகளில் அக்கருவியும் இடத்தைத் தெளிவாகக் காட்டுவதில்லை. நீண்ட அலையின் குணம் யாரையும் விடுவதில்லை.

7. அமைதி பெருகினால் ஓசை பிறக்கும்

1958-இல் டேவிட் ஓகில்வி என்பவர் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு ஒரு விளம்பரம் எழுதினார். மணிக்கு 60 மைல் வேகத்தில் அந்தக் காருக்குள் உரக்கக் கேட்பது மின் கடிகாரத்தின் ஒலியே என்பது அதன் கருத்து. விளம்பரத்தின் பெருமை இருக்கட்டும். அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. பெரிய இரைச்சலை அடக்கினால், அதுவரை மறைந்திருந்த சிறிய இரைச்சல் அரியணை ஏறும்.

இன்று பெருகிவரும் மின்கார்களில் இதை நாம் நேரில் காண்கிறோம். எஞ்சினின் உறுமல் போய்விட்டது. உடனே டயரின் இரைச்சலும் காற்றின் சீறலும் கதவுத் தகட்டின் கடகடப்பும் முன்னே வந்து நிற்கின்றன. மோட்டாரின் மெல்லிய உயர்ந்த ரீங்காரமும் செவியில் படுகிறது. ஆகவே காரில் புதிதாக ஓர் ஓசை கேட்டால், அது புதிதாகப் பிறந்ததா, மறைத்திருந்த வேறோர் ஓசை நீங்கியதால் வெளிப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். புதிய டயர் போட்ட மறுநாளே, "டயரால் கியர்ப்பெட்டி கெட்டுவிட்டது" என்று சொல்வோர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

8. தொகுத்துச் சொன்னால்

பட்டறைக்குச் செல்லும்முன் ஒரு தாளில் ஆறு விடைகளை எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் எந்த வேகத்தில் தொடங்குகிறது? கியரை மாற்றினால் மாறுகிறதா? நியூட்ரலில் தொடர்கிறதா? சாலை மாறினால் மாறுகிறதா? வளைவிலும் பிரேக்கிலும் என்ன ஆகிறது? வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னா? இத்தாளை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவர் மகிழ்வார். படிக்கவே மறுப்பவரிடம் வண்டியை விடுவதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நான்கு ஓசைகளை மட்டும் சோதித்துக் கொண்டிருக்காதீர்கள். கேட்டவுடன் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்துங்கள். பிரேக் பிடிக்கையில் இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது திடீரெனத் தோன்றும் தடாலென்ற ஓசை, சக்கரத்தில் ஆட்டத்தோடு சேர்ந்த முனகல், புகைக்குழாய் கசியும் 'புசுபுசு' ஓசையோடு உள்ளே புகைநெடி ஆகியவையே அந்நான்கு. கடைசியாகச் சொன்னதில் கண்ணாடிகளைத் திறந்துவிட்டு எல்லோரும் இறங்கிவிடுவதே முதல் வேலை.

மற்றவற்றை அமைதியாக ஆராயலாம். ஒன்றை மாற்று, மற்றவற்றை நிறுத்து, என்ன நிகழ்கிறது என்று குறித்துவை. இந்த மூன்று சொற்றொடரும் காருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை வேதியியல் நண்பர்களும் பொருளியல் நண்பர்களும் எனக்கே எடுத்துச் சொல்வார்கள். அடுத்த பயணத்தில் வானொலியைச் சற்றே அணைத்துவிட்டு, காருக்குள் எத்தனை குரல்கள் பேசுகின்றன என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் குரல் எதைப் பின்பற்றுகிறது என்று நண்பர்களுக்குள் பந்தயம் கட்டலாம். தோற்றவர் ஆக்ராவில் தேநீர் வாங்கித் தரட்டும்!